ஓர் இடத்திற்குப் பத்துப் பேரா?

தமிழ்நாட்டில் மார்கழி பிறந்தால் வாசல்தோறும் கோலம் மலரும். விடியற்காலையில் திருப்பாவை ஒலிக்கும். நாம் வந்து தங்கியிருக்கும் இத்தில்லி மாநகரில் மார்கழிக்கு வேறு இரு அடையாளங்கள் உண்டு. ஒன்று, எதிரே வருபவர் முகம் தெரியாத பனிமூட்டம். மற்றொன்று, மழலையர் வகுப்புக்கான விண்ணப்பத்தாள். நவம்பர்த் திங்கள் முடியும் தறுவாயில் தனியார் பள்ளிகள் வாயிலைத் திறக்கின்றன. சனவரியில் முதற் பட்டியல் வெளியாகிறது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இரண்டாம் பட்டியலும் அதற்குப் பின்னைய பட்டியல்களும் தொடர்கின்றன. இந்த நான்கு மாதமும் மூன்று வயதுக் குழந்தையை வைத்திருக்கும் பெற்றோர்க்கு உறக்கம் இல்லை.

நம் மாணவர் மன்றத்து நண்பர்கள் பலர், ‘திருமணமே ஆகாத நமக்கு இதனால் என்ன?’ என்று கேட்கலாம். ஆனால் நம்மில் பாதிப் பேர் படிப்பு முடிந்தபின் இந்த நகரத்திலோ, இதைப் போன்ற வேறொரு பெருநகரத்திலோதான் குடித்தனம் நடத்தப் போகிறோம். அதுமட்டுமன்று. எண்களைக் கொண்டு உலகைப் பார்க்கப் பழகிய நாம், எண்களால் மக்கள் அச்சுறுத்தப்படும்போது அந்த எண்களைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டாமா? ‘ஓர் இடத்திற்குப் பத்துப் பேர் போட்டி’ என்று ஆண்டுதோறும் காதில் விழுகிறதே, அது எவ்வளவு தூரம் உண்மை? இக்கட்டுரையின் நோக்கம் அதை ஆராய்வதே.

வாயில் ஒன்றே

முதலில் இப்போட்டி ஏன் மூன்று வயதிலேயே தொடங்குகிறது என்பதைக் காண்போம். பேர்பெற்ற தனியார் பள்ளி பெரும்பாலும் மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே நிறுவனமாக நடைபெறுகிறது. மூன்று வயதில் உள்ளே சென்ற குழந்தை பதினேழு, பதினெட்டு வயதில்தான் வெளியே வரும். இடையில் எவரேனும் ஊர் மாறிச் சென்றால்தான் ஓரிடம் காலியாகும். ஆகவே ஆறாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம், எட்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் பொறுத்திருப்பதில்லை. பதினைந்து ஆண்டுப் பயணத்திற்கு ஒரே நிலையத்தில் மட்டும் வண்டி நின்றால், அந்த நிலையத்தில் கூட்டம் நெரியாமல் என்ன செய்யும்?

முன்பெல்லாம் இக்கூட்டத்தை வடிகட்டுவதற்குப் பள்ளிகள் நேர்காணல் நடத்தின. குழந்தையையும் கேள்வி கேட்டார்கள், பெற்றோரையும் கேட்டார்கள். இது வழக்காகித் தில்லி உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில், அப்போது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தலைவராயிருந்த அசோக் கங்குலி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நேர்காணல் கூடாது, வெளிப்படையான புள்ளி முறை வேண்டும் என்னும் வழி அக்குழுவினால் பிறந்தது. வீட்டின் தொலைவுக்கு இத்தனை புள்ளி, உடன்பிறந்தார் அங்கே படித்தால் இத்தனை புள்ளி, பெற்றோர் அப்பள்ளியின் பழைய மாணவராயிருந்தால் இத்தனை புள்ளி என்பதே அம்முறை. பிறகு வந்த 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டுவதை நாடு முழுவதற்கும் தடை செய்தது. அச்சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

நேர்காணல் ஒழிந்தது நல்லதே. ஆனால் அதன் இடத்தில் வந்த புள்ளிமுறை எல்லாருக்கும் ஒப்ப நடக்கிறதா?

புள்ளிக் கணக்கில் புலம்பெயர்ந்தோர்

என் தமக்கையாரும் அத்தானும் தெற்குத் தில்லியில் வாடகை வீட்டில் வசிக்கிறார்கள். அவர்கள் மகளுக்காகச் சென்ற முறை பதினான்கு பள்ளிகளுக்கு விண்ணப்பித்தோம். ஆராய்ச்சி மாணவனுக்கு வேலையில்லை என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. ஆகவே பள்ளிகளின் பெயர், விதி, கடைசி நாள் ஆகியவற்றை அட்டவணையாக எழுதி வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஒரு பள்ளியின் புள்ளிமுறையை மட்டும் இங்கே தருகிறேன், பெயர் வேண்டாம். தொலைவுக்கு 40, உடன்பிறப்புக்கு 25, பழைய மாணவரின் பிள்ளைக்கு 15, முதற் குழந்தைக்கு 10, பெண் குழந்தைக்கு 10, ஆக 100. எங்கள் குழந்தைக்கு வீடு அருகில் என்பதால் 40, முதற் குழந்தை என்பதால் 10, பெண் என்பதால் 10. ஆக 60 கிடைத்தது. குலுக்கல் 65 புள்ளி பெற்றவர்களிடையே நடந்தது. அவர்களோடு இடங்கள் தீர்ந்தன. அறுபது பெற்றவர்களின் சீட்டுப் பெட்டிக்குள் விழவே இல்லை.

அவளுக்கு மேலே நின்றவர்கள் யார்? அண்ணனோ அக்காளோ அங்கே படிப்பவர்கள். தந்தையோ தாயோ அங்கே படித்தவர்கள். என் அத்தான் படித்ததோ தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்! நல்ல பள்ளிதான், ஆனால் அதற்குத் தில்லியில் புள்ளி இல்லை. உடன்பிறப்புக்குப் புள்ளி தருவதில் நியாயம் உண்டு. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளை இரண்டு திசையில் விட்டுவர இயலாது. பழைய மாணவர் என்பதற்குத் தரும் புள்ளியோ தந்தை இருந்த இடத்தில் மகனை அமர்த்துவது. இந்நகரில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவர்களுக்கு அது வரம். வேலை தேடி வந்தவர்களுக்கு அது சுவர். தமிழருக்கு மட்டுமா? பீகாரிலிருந்து வந்தவருக்கும், மணிப்பூரிலிருந்து வந்தவருக்கும் அதே சுவர்தான்.

இதை அரசினர் உணராமலும் இல்லை. 2013 திசம்பரில் தில்லித் துணைநிலை ஆளுநர் வெளியிட்ட விதிகள், தொலைவுக்கு 70, உடன்பிறப்புக்கு 20, பழைய மாணவருக்கு 5, வேற்று மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தோர்க்கு 5 என்று வகுத்தன. நமக்கெனக் கிடைத்த அந்த ஐந்து புள்ளி மூன்று மாதமும் நிலைக்கவில்லை. வழக்குகளுக்கிடையே 2014 பிப்ரவரியில் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அவ்விதிகளையே செல்லாதனவாக்கி, சேர்க்கை விதியை வகுப்பது தனியார் பள்ளிகளின் உரிமை என்றது. 2016 சனவரியில் தில்லி அரசு 62 வகை அளவுகோல்களை நீக்கியது. பெற்றோர் புகைபிடிப்பவரா, புலால் உண்பவரா என்பன போன்றவையும் அவற்றுள் அடக்கம். கூடவே நிருவாக ஒதுக்கீட்டையும் ஒழிப்பதாக ஆணையிட்டது. அடுத்த மாதமே நீதிமன்றம் நிருவாக ஒதுக்கீட்டின் நீக்கத்தையும், 62இல் 11 அளவுகோல்களின் நீக்கத்தையும் நிறுத்திவைத்தது. அதன்பின் பள்ளிதோறும் தனித்தனி விதி என்பதே வழக்கமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு முறையும் இதே நகரில் உண்டு. 1963இல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்களில், மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும்போது, பெற்றோர் கடந்த ஏழாண்டில் எத்தனை முறை மாற்றலானார் என்று எண்ணுகிறார்கள். ஊர் ஊராய் அலைந்தவனுக்கு அங்கே உரிமை கூடுகிறது. தனியார் பள்ளியில் அதே அலைச்சலால் உரிமை குறைகிறது. விதியை வகுப்பவர் யாரை மனத்தில் கொண்டு வகுக்கிறார் என்பதே வேறுபாடு.

எண்கள் சொல்லும் செய்தி

இனித் தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இது விளக்கத்திற்காக நான் அமைத்த கணக்கேயன்றித் தில்லியின் புள்ளிவிவரம் அன்று.

ஒரு வட்டாரத்தில் 100 குழந்தைகள் இருக்கிறார்கள். பதினைந்து பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 10 இடம். மொத்தம் 150 இடம். அதாவது இரண்டு குழந்தைக்கு மூன்று இடம்! பஞ்சமே இல்லை. இருந்தும் அச்சத்தினால் ஒவ்வொரு பெற்றோரும் பதினைந்து பள்ளிக்கும் விண்ணப்பிக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் 10 இடத்திற்கு 100 விண்ணப்பம் குவிகிறது. உடனே, ‘ஓர் இடத்திற்குப் பத்துப் பேர்!’ என்ற செய்தி பரவுகிறது. பள்ளி சொல்வது பொய்யன்று. ஆனால் ஊர் முழுவதையும் நோக்கினால் அது மெய்யுமன்று. ஒரே நூறு பேர் பதினைந்து வாயிலில் நின்றால் ஆயிரத்து ஐந்நூறு பேராகத் தோன்றுகிறார்கள்.

இப்போது ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே குலுக்கல் நடத்துகிறது. ஒரு பள்ளியில் ஒரு குழந்தைக்கு இடம் கிடைக்காமற் போகும் வாய்ப்பு 100க்கு 90. இரண்டு பள்ளியிலும் கிடைக்காமற் போகும் வாய்ப்பு, 90இல் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 81. இவ்வாறே பதினைந்து முறை பெருக்கிக்கொண்டு போனால், எங்குமே கிடைக்காத வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 21 என்று வரும். சரியாக ஓரிடம் மட்டும் கிடைக்கும் வாய்ப்பு 34. இரண்டோ அதற்கு மேலோ கிடைக்கும் வாய்ப்பு 45.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். குழந்தைகளைவிட ஐம்பது இடம் மிகுதியாக உள்ள வட்டாரத்தில், முதற் பட்டியல் ஒட்டப்பட்ட நாளில் 21 வீடுகளில் கண்ணீர்! 45 வீடுகளிலோ கையில் இரண்டு, மூன்று இடங்கள். அவர்களும் மகிழ்ச்சியாய் இல்லை. இதைவிட நல்ல பள்ளியின் இரண்டாம் பட்டியலில் பெயர் வருமோ என்று, கிடைத்த இடத்திற்குப் பணம் கட்டிப் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவர்கள் விடும்வரை மற்றவருக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அன்றைக்கே விட்டுவிட்டால், 71 இடங்கள் காலியாகும். காத்திருப்போர் 21 பேரே.

எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. முதற் பட்டியலில் தொலைவிலுள்ள ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. கெடு மூன்று நாள். பணம் கட்டினோம். பிப்ரவரியில் வீட்டருகே வேறொரு பள்ளியில் பெயர் வந்தது. முன்னே கட்டிய பணத்தில் பாதிக்கும் குறைவாகவே திரும்பியது. விண்ணப்பத்தாளுக்குப் பள்ளி வாங்கக்கூடிய கட்டணம் 25 ரூபாய்தான். ஆனால் அச்சத்திற்கு நாங்கள் கொடுத்த விலை அத்தானின் ஒரு மாதச் சம்பளம்.

ஆகவே நாம் காணும் நெருக்கடியில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று மெய்யான பற்றாக்குறை: எல்லாரும் விரும்பும் சில பள்ளிகளில் இடம் குறைவு. மற்றொன்று முறைகேட்டால் விளைந்த பற்றாக்குறை: விண்ணப்பங்கள் பெருகுவதாலும், ஒரு குழந்தை பல இடங்களைப் பிடித்துவைப்பதாலும் தோன்றுவது. முன்னதற்கு நெடுநாள் வேண்டும். பின்னதை ஒரே ஆண்டில் தீர்த்துவிடலாம்.

ஒரே விண்ணப்பம், ஒரே இடம்

தீர்க்கும் வழியைக் கணித அறிஞர் இருவர் 1962ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டனர். டேவிட் கேல், லாயிட் ஷேப்ளி என்னும் அமெரிக்கர் அவர்கள். அவர்களுடைய முறையை ஒரு சிறு கதையால் விளக்குகிறேன்.

ஆலமரப் பள்ளி, வேம்புப் பள்ளி, பனைமரப் பள்ளி என மூன்று பள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஓரிடம். கண்ணன், வள்ளி, முருகன் என மூன்று குழந்தைகள். ஒவ்வொரு பெற்றோரும் ஒரே தாளில் தம் விருப்பத்தை வரிசையாக எழுதித் தருகிறார்கள். கண்ணனின் விருப்பம் ஆல், வேம்பு, பனை. வள்ளிக்கு ஆல், பனை, வேம்பு. முருகனுக்கு வேம்பு, ஆல், பனை. வீடு அருகில் உள்ளவருக்கே முன்னுரிமை என்று வைத்துக்கொள்வோம்.

முதற் சுற்றில் கண்ணனும் வள்ளியும் ஆலமரப் பள்ளிக்குச் செல்கிறார்கள். வள்ளி வீடு அருகில். அவளைப் பள்ளி தற்காலிகமாக ஏற்கிறது. வேம்புப் பள்ளி முருகனைத் தற்காலிகமாக ஏற்கிறது. இரண்டாம் சுற்றில் கண்ணன் வேம்புக்கு வருகிறான். அவன் வீடு முருகன் வீட்டைவிட அருகில். ஆகவே முருகன் முன்னே வந்திருந்தும் இடம் கண்ணனுக்கு மாறுகிறது. முருகன் ஆலமரப் பள்ளிக்குப் போகிறான். அங்கே வள்ளி வீடே அருகில். பிறகு பனைமரப் பள்ளி அவனை ஏற்கிறது. இப்போதுதான் தற்காலிகம் நிரந்தரமாகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓரிடம். ஒன்றுக்கு மேல் இல்லை. முருகனுக்கு வருத்தம் இருக்கலாம். ஆனால் ‘என்னைவிடத் தொலைவில் உள்ளவனுக்கு நான் விரும்பிய இடத்தைக் கொடுத்தார்கள்’ என்று அவன் முறையிட முடியாது.

இம்முறையின் உயர்வு இன்னொன்று. கண்ணன் தன் முதல் விருப்பத்தை உள்ளபடி எழுதினான், ஆலமரம் கிடைக்கவில்லை, ஆயினும் அதனால் வேம்பை இழக்கவில்லை. முதற் சுற்றிலேயே இடங்களை முடிவாக்கிவிடும் முறையாயிருந்தால், அவன் திரும்பி வருவதற்குள் வேம்பு நிறைந்திருக்கும். அப்போது அடுத்த ஆண்டுப் பெற்றோர், கிடைக்காததை விரும்பாதது போல நடித்து எழுதுவார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இத்தகைய முறையே இருந்தது. ஆராய்ச்சியாளர் அதன் குறையை எடுத்துக்காட்டிய பின், 2005இல் அந்நகரம் அதைக் கைவிட்டுக் கேல்–ஷேப்ளி வழிக்கு மாறியது. நியூயார்க் நகரின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2003 முதலே இவ்வகை முறை வந்துவிட்டது. இத்துறையில் உழைத்த ஆல்வின் ராத்துக்கும் ஷேப்ளிக்கும் 2012இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008இலேயே மறைந்துவிட்டார்.

இங்கிலாந்திலும் தொடக்கப் பள்ளிக்குப் பெற்றோர் தாம் வாழும் ஊரின் உள்ளாட்சி மன்றத்திற்கு ஒரே விண்ணப்பம் அனுப்புகிறார்கள். ஏப்ரல் 16ஆம் நாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே பள்ளியின் பெயர் வருகிறது.

‘இதெல்லாம் நம் நாட்டில் நடக்குமா?’ என்போர்க்கு விடை இந்நகரிலேயே உள்ளது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினரின் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தில்லியில் அவ்விடங்களுக்குக் கல்வி இயக்ககமே ஒரே விண்ணப்பம் பெற்று, கணினியால் ஒரே குலுக்கல் நடத்துகிறது. ஏழைக் குழந்தைகளுக்குச் செய்ய முடிந்ததை ஏனையோர்க்குச் செய்ய முடியாதா? பள்ளிகள் தத்தம் விதியை வைத்துக்கொள்ளட்டும். விண்ணப்பத்தையும் பங்கீட்டையும் மட்டும் பொதுவாக்கினால் போதும். இருபத்தொரு வீட்டுக் கண்ணீர் அன்றே நின்றுவிடும்.

குலுக்கலால் ஆகாதது

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எத்துணைச் சிறந்த பங்கீட்டு முறையும் இருக்கும் சோற்றைப் பங்கிடுமே தவிர, புதிதாகச் சோறு ஆக்காது. நம் கதையில் முருகன் கடைசியாகப் போனானே பனைமரப் பள்ளி, அது நல்ல பள்ளியாய் இருந்தால் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அது கூரை ஒழுகும் பள்ளியாய், ஆசிரியர் போதாத பள்ளியாய் இருந்தால், கணிதம் அவனுக்குச் செய்தது ஒன்றுமில்லை. தொலைவை மட்டும் அளவாகக் கொண்டாலும் குறை வரும். இங்கிலாந்தில் நல்ல பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளின் விலை ஏறிவிடுகிறது. வீடு வாங்க முடிந்தவன் பள்ளியையும் வாங்கிவிடுகிறான்.

ஆகையால் முடிவான மருந்து, எல்லாப் பள்ளியும் நாடத்தக்க பள்ளியாவதே. தில்லியில் இலட்சக்கணக்கான குழந்தைகள் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளிலும் அரசின் சர்வோதயப் பள்ளிகளிலும்தான் எழுத்தறிகிறார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகளை நடத்தி, தலைநகரிலும் தமிழைக் கற்பித்து வருகிறது. இவற்றை நாம் எட்டிப் பார்த்ததுண்டா? பேர்பெற்ற பள்ளி என்று நாம் மயங்குவதில் ஒரு பகுதி, அங்கே சேர வரிசை நீளம் என்பதே. வரிசையின் நீளம் பள்ளியின் தரத்தைக் காட்டாது. அந்த வரிசையில் ஒவ்வொருவரும் பதினைந்து முறை நிற்கிறார்கள் என்பதை மேலே கண்டோம்.

நண்பர்களே, மாணவராகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் விடுதி உணவுக்கூடத்தில் வேலை செய்பவர்களிலும், அருகிலுள்ள குடியிருப்புகளில் வாழ்பவர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல. கட்டணமில்லா 25 விழுக்காட்டு இடத்திற்கு அவர்களின் குழந்தைகளும் உரியவர்களாகலாம். ஆனால் பிறப்புச் சான்று, வருமானச் சான்று, தில்லியில் வசிப்பதற்கான சான்று என்று கேட்கும்போது, இந்தி எழுதப் படிக்கத் தெரியாமலும் கணினிப் படிவம் நிரப்பத் தெரியாமலும் பின்வாங்கிவிடுகிறார்கள். அவ்விடங்களுக்கான 2011ஆம் ஆண்டு ஆணை, மூன்றாண்டு தில்லியில் வசித்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. சான்றுகளை இப்போதே சேர்த்துவைக்காவிட்டால் விண்ணப்ப நாளில் அலைந்து பயனில்லை.

வாரத்தில் இரண்டு மணி நேரம் நம் மன்ற அறையில் ஒரு மேசை போடுவோம். படிவம் நிரப்பித் தருவோம். என்னென்ன தாள் வேண்டும் என்று தமிழில் எழுதி ஒட்டுவோம். முதல் வாரத்திற்கு நான் வருகிறேன். இரண்டாம் வாரத்திற்கு வர விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.